மாடிப்படிக்குக் கீழே ஒரு வாட்ச் கடை

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. அதில் ஒரு துணிக்கடையின் மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது பெரியப்பாவின் வாட்ச் கடை. படி சரிந்து இறங்கும் மூலையில் பெரியவர்கள் உட்கார முடியாது, தலை இடிக்கும். அது என் இடம். முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மா என்னைச் சிம்மக்கல்லில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். பெரியம்மாவுக்கு மதியம் ஒரு கண் அசந்தாக வேண்டும். எனக்கோ பகலில் தூக்கமே வராது. "இந்தா, சாப்பாட்டுத் தூக்க எடுத்துக்கிட்டு நீயும் பெரியப்பாட்ட போயிரு" என்று பக்கத்து வீட்டு அண்ணனோடு அனுப்பி வைப்பாள். தலைக்கு மேலே ஆட்கள் தடதடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நான் கீழே உட்கார்ந்து பெரியப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி மேசை, கழுத்து வளைந்த விளக்கு, ஒரு ஸ்டூல், சுவரில் நாலைந்து ஆணி, அவ்வளவுதான். அந்த ஆணிகளில் பட்டன் செல் அட்டை அட்டையாகத் தொங்கும். ஒரு அட்டைக்குப் பத்து செல். மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அட்டைகள் ஆடும், செல்களில் பட்ட வெளிச்சம் சாம்பல் நிறச் சுவரில் புள்ளி புள்ளியாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே நான் புளிச்சோறு சாப்பிட்ட மதியங்கள் ஏராளம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எனக்குப் பெரியப்பா கொடுத்த முதல் வேலை, வந்த செல்லின் நம்பரைப் பார்த்து அதற்குரிய அட்டையை எடுத்துக் கொடுப்பது. சொல்ல எளிது, செய்யச் சிக்கல். எல்ஆர்44 என்று கேட்டு வருவார்கள். அட்டையில் ஏஜி13 என்று இருக்கும். இன்னொரு கம்பெனி அதையே ஏ76 என்று போடும், வேறொன்று எல்1154 என்று போடும். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பேரும் தெருவில் ஒரு பேரும் இருப்பது மாதிரிதான். எல்லாம் 11.6 மில்லிமீட்டர் அகலம், 5.4 மில்லிமீட்டர் உயரம் உள்ள அதே செல். பெரியப்பா ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இந்தப் பேர்களையெல்லாம் வரிசையாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார். அந்த அட்டைதான் எனக்கு இங்கிலீஷ் எழுத்தையும் புள்ளி வைத்த எண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு முன்பே பழக்கியது.

"மொத எழுத்தப் பாரு தாயி. எல்-னா ஆல்கலைன். எஸ்-னா வெள்ளி. சி-னா லித்தியம். அடுத்த ஆர்-னா ரவுண்டா இருக்குன்னு அர்த்தம்." சிஆர்2032 என்ற பெரிய செல்லைக் காட்டி, முதல் இரண்டு எண் அகலம் 20 மில்லிமீட்டர், பின் இரண்டு எண் கனம் 3.2 மில்லிமீட்டர் என்று அவர் சொன்னபோது நான் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பதை அளந்து சரிபார்க்கலாம் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

அதைவிடத் தலையைச் சுற்ற வைத்தது பிளஸ், மைனஸ் விவகாரம். வீட்டு டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக்கட்டைக்கு மண்டையில் இருக்கும் குமிழ்தான் பிளஸ். பட்டன் செல்லில் தலைகீழ். அகன்ற தட்டைப் பக்கமும் சுற்றுச்சுவரும் சேர்ந்து பிளஸ், மேலே குறுகலாக இருக்கும் மூடி மைனஸ். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நைலான் வளையம் ஒன்று இருக்கும். அது வளையம் மட்டுமில்லை, செல்லின் காவலும் அதுதான். அது விட்டுக்கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். செல்லைச் சாமணத்தால் எடுக்கும்போது அவர் எப்போதும் ஓரத்தைத் தொட்டுத்தான் எடுப்பார். மேலும் கீழுமாகப் பிடித்தால் இரும்புச் சாமணம் வழியாகவே செல் தீர்ந்துபோகும். "பையப் பிடி, பக்கவாட்டுல பிடி" என்ற குரல் இன்றைக்கும் எந்தச் செல்லை எடுத்தாலும் என் காதில் கேட்கும்.

பெரியப்பா தொழில் கற்றது சாவி கொடுக்கும் எச்எம்டி வாட்ச்களில். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது. கல்யாண மாப்பிள்ளைக்கும் ரிட்டயர் ஆகிறவருக்கும் எச்எம்டி என்றிருந்த காலம் ரொம்ப நாள் நீடித்தது. அந்த வாட்ச்களைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் பார்த்துப் பார்த்து மாட்டுவதில் பெரியப்பாவுக்கு ஊரில் பேர் இருந்தது. பிறகு டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் டைட்டனை ஆரம்பித்தார்கள், ஓசூரில் ஃபேக்டரி வந்தது, குவார்ட்ஸ் வாட்ச் கைக்குக் கை பரவியது. குவார்ட்ஸுக்குச் சாவி வேண்டாம். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும், அதை எண்ணி எண்ணி ஒரு சில்லு முள்ளை நகர்த்தும். இத்தனைக்கும் சாப்பாடு அந்தச் சின்னச் செல். ஓவராயிலிங் செய்யும் கூலி குறைந்தது, செல் மாற்றும் கூலி பெருகியது. கூடத் தொழில் கற்ற பலர் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனதாகப் பெரியம்மா சொல்வாள். பெரியப்பா செல்லைப் படித்தார். அவர் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைக்கடிகாரத்துக்கு அவர் ஆல்கலைன் செல் போடவே மாட்டார். வெள்ளிச் செல்தான். விலை கூட என்று பேரம் பேசுவார்கள். "அண்ணே, சும்மா ஓடுனா போதும்ணே, சின்னதா ஒண்ணப் போட்டு விடுங்க" என்பார்கள். அவர் வாதாட மாட்டார். மேசை அறையைத் திறந்து, ஆல்கலைன் செல் ஒழுகிக் கெட்டுப்போன ஒரு வாட்சின் உட்புறத்தை எடுத்து விளக்கடியில் வைப்பார். செப்புச் சுருள் பச்சை பூத்து, பல்சக்கரம் வெள்ளைப் பொடி ஒட்டிக் கிடக்கும். பார்த்தவர் வெள்ளிச் செல்லுக்குச் சரி என்பார். ஆல்கலைன் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. கால்குலேட்டருக்கும் பொம்மைக்கும் அதைத்தான் கேட்டு வாங்குவார், விலையும் மலிவு, கிடைப்பதும் எளிது. எது எங்கே போகவேண்டும் என்பதில்தான் அவருக்குப் பிடிவாதம்.

இந்த வேறுபாட்டை எனக்கு முழுதாகப் புரிய வைத்தவர் மேலமாசி வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு போட்டோக்காரர். பென்டாக்ஸ் கே1000 கேமராவின் அடிப்பக்கத்தில் காசு வைத்துத் திருகினால் ஒரு மூடி கழலும், உள்ளே ஒரே ஒரு செல். அந்தக் கேமராவில் படம் எடுக்கச் செல் தேவையே இல்லை. வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான் அது. "எனக்கு எஸ்ஆர்தான் வேணும்ணே" என்பார். வெள்ளிச் செல் 1.55 வோல்ட்டைக் கடைசிவரை கிட்டத்தட்ட அப்படியே வைத்திருந்துவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிடும். ஆல்கலைன் 1.5-இல் தொடங்கி நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். கல்யாண வீட்டில் மீட்டரை நம்பித்தான் அவர் வைக்கிற வெளிச்சக் கணக்கு. பெரியப்பா, வோல்ட் பார்க்கும் தன் மீட்டரின் சிவப்பு ஊசியையும் கறுப்பு ஊசியையும் என் கையில் கொடுத்து இரண்டு செல்லையும் அளக்கச் சொன்னார். முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அந்த போட்டோக்கார மாமா, "பாப்பா ஃபோட்டோ ஒண்ணு ஓசியில எடுக்கணும்" என்றார். எடுத்தும் கொடுத்தார்.

வேறு ஆட்களும் வருவார்கள். கூப்பிட்டால் திரும்பாத ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், காது மெஷினுக்கு. அந்தச் செல்லில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்ததும் துளை வழியாகக் காற்று போய்த்தான் செல்லுக்கு உயிர் வரும், மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஆகையால் அவர் உரிப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பார். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையைக் கொண்டு ஒரு காலேஜ் அக்கா வந்தார். யார் கொடுத்த அட்டை என்று பெரியப்பா கேட்கவில்லை, பாட்டு ஏன் இழுக்கிறது என்று மட்டும் பார்த்தார். மூன்று கால் உள்ள குட்டிச் சில்லு, ஒரு செல், ஒரு பிளாஸ்டிக் பட்டை. அட்டை மூடியிருக்கும்போது பட்டை நடுவில் புகுந்து தொடுப்பைப் பிரித்துவிடும், திறந்தால் விலகும். செல் தேய்ந்ததால் பாட்டு தாழ்ந்து, நீண்டு, முனகலாகக் கேட்டது. புதுச் செல் போட்டதும் சட்டென்று ராகம் நிமிர்ந்தது. அந்த அக்காவின் முகமும்.

எனக்குப் பிடித்த வேலை, ஒழுகிய செல்லால் கெட்டதைச் சரிசெய்வது. மளிகைக்கடைச் செட்டியார் வீட்டிலிருந்து கால்குலேட்டர் வரும். பின்மூடியைத் திறந்தால் செல் இருந்த பள்ளத்தில் வெள்ளை உப்புப் பொருக்கு, செப்புத் தகட்டில் நீலப்பச்சை. ஆல்கலைன் செல்லுக்குள் துத்தநாகப் பொடியும் மாங்கனீஸ் டை ஆக்சைடும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காரம் கசிந்து வெளிக்காற்றில் பட்டதும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இந்த வெள்ளைப் பொருக்காகிவிடும். பெரியப்பா எதிர் ஜூஸ் கடையிலிருந்து அரை மூடி எலுமிச்சை வாங்கி வரச் சொல்வார். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் தோய்த்து, பிழிந்துவிட்டு, பொருக்கின் மேல் ஒற்றுவார். சின்னதாக, மிகச் சின்னதாக நுரை கிளம்பும். கிட்டக் காதை வைத்தால் இஸ்ஸென்று ஒரு சத்தம். "காரத்தப் புளிப்பு அடக்குது, பாரு" என்பார். நுரை அடங்கியதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெயிலில் காய வைத்து, தகட்டைப் பிளேடு முனையால் லேசாகச் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். புதுச் செல்லை வைத்து அமுக்கும்போது கண்ணாடியில் சைபர் வந்து நிற்கும். அமிலம், காரம் என்று ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தியபோது நான் அந்த நுரையைத்தான் நினைத்தேன்.

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கடையின் முகமே மாறும். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடக்கும். அங்கே வாங்கிய சாவிக்கொத்து லேசர் லைட்டோடு பையன்கள் கூட்டமாக வருவார்கள். முனையில் மாட்டும் மூடியை மாற்றினால் சிவப்புப் பொட்டு இதயமாகும், பாம்பாகும். தியேட்டரில் திரையின் மேல் அந்தச் சிவப்புப் பொட்டு ஓடி, ஜனம் கத்தி, டார்ச்சோடு ஆள் வந்து தேடியதெல்லாம் அந்தக் காலம்தான். "அண்ணே, நேத்துதாண்ணே வாங்குனேன், அதுக்குள்ள செல் தீந்துருச்சு." எல்ஆர்44 மூன்று போட்டால்தான் 4.5 வோல்ட் கிடைத்து அது எரியும். கால்குலேட்டர் அதே செல்லை வருஷக்கணக்கில் வைத்துக் குடிக்கும், லேசர் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். செல்லில் குற்றமில்லை என்று பெரியப்பா ஒவ்வொருவனுக்கும் பொறுமையாகச் சொல்வார். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிடுவார், பழசும் புதுசும் கலந்தால் பழசு ஒழுகும். அதோடு, "எவன் கண்ணுலயாச்சும் அடிச்சேன்னு கேள்விப்பட்டேன், அடுத்தவாட்டி இங்கிட்டு வரக்கூடாது" என்ற எச்சரிக்கையும் இலவசமாகக் கிடைக்கும்.

அந்தத் திருவிழா நாள்களில் ஒன்றில்தான் சந்து முனை டீக்கடை அக்காவின் சின்னப் பையன் செல்லை விழுங்கினான். ஒன்றரை வயதுக் குழந்தை. அழுகிறான் என்று யாரோ லேசர் லைட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மூடி திருகிக் கழன்றிருக்கிறது. தரையில் இரண்டு செல் கிடந்தது, மூன்றாவதைக் காணவில்லை. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்குத்தான் ஓடி வந்தார், செல் என்றால் இவருக்குத் தெரியும் என்று. கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாழைப்பழம் கொடு என்றார் ஒருவர். உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வை என்றார் இன்னொருவர். பெரியப்பா ஆணியிலிருந்து எல்ஆர்44 அட்டையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டார், ஆட்டோவை நிறுத்தினார், "ஒண்ணும் குடுக்காதத்தா, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று அக்காவை ஏற்றினார். கடையைப் பூட்டக்கூட இல்லை. நான் அட்டைகளுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சுவரில் ஓடிய வெளிச்சப் புள்ளிகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இருட்டிய பிறகு திரும்பி வந்தார். எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டியதை என்னிடம் தாளில் வரைந்து காட்டினார். காசை விழுங்கியிருந்தால் ஒற்றை வட்டமாகத் தெரியுமாம். செல் என்றால் விளிம்புக்குள் இன்னொரு வளையம், இரட்டை வட்டம். அது உணவுக்குழாயில் நிற்காமல் இரைப்பைக்கு இறங்கியிருந்தது. பையன் பிழைத்தான், செல் தானாகவே வெளியே வந்தது. டாக்டருக்கு ரொம்ப உதவியது அந்த அட்டைதானாம், என்ன செல், எவ்வளவு பெரிசு என்று உடனே தெரிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து கடையில் சில புதுச் சட்டங்கள் வந்தன. சின்னப் பிள்ளைகள் தனியாக வந்தால் செல் கிடையாது. கழற்றிய பழைய செல் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, மூடி இறுகிய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பரண் மேல் வைக்க வேண்டும். ஒட்டுவது என் வேலை. அந்தக் காலத்துப் பட்டன் செல்களில், துத்தநாகம் வாயு விட்டு உப்பாமல் இருக்கத் துளிப் பாதரசமும் சேர்ப்பார்கள். அதனால் குப்பைத்தொட்டியில் கொட்ட அவர் விட்டதே இல்லை. பட்டன் செல் மாதிரியான பழைய பேட்டரிகளையும் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கே உண்டு என்று நம் நாட்டில் விதிகள் வந்தது 2022-இல்தான். பெரியப்பாவுக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

செல்லில் இருக்கும் மருந்து ஒழுகித்தான் தொண்டை புண்ணாகும் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. ஈரமான சதையில் செல் ஒட்டி நின்றால் அதன் வழியே மின்சாரம் ஓடும். மைனஸ் பக்கத்தில் அந்த இடத்திலேயே காரம் உண்டாகும், அதுதான் அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான காயம் உண்டாகிவிடலாம். பொம்மையை ஓட்ட முடியாத தீர்ந்த செல்லிலும் இதைச் செய்யும் அளவுக்கு வோல்ட் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் இன்னும் மோசம், 3 வோல்ட், குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. அமெரிக்காவில் ஒரு பட்டன் செல்லை விழுங்கி இறந்த ரீஸ் என்ற குழந்தையின் பெயரால் 2022-இல் ஒரு சட்டமே போட்டார்கள். பொம்மையல்லாத சாமான்களிலும் செல் இருக்கும் மூடியைக் குழந்தை கையால் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பெரியப்பா வேலையை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று, கண் ஒத்துழைக்கவில்லை. ஆனால் செல் குறையவில்லை, கூடியிருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில், எடை பார்க்கும் மெஷினில், கார்ச் சாவியில், மினுக்கும் மெழுகுவத்தியில், பாடும் பொம்மையில், குழந்தையின் செருப்பில் எரியும் விளக்கில் என்று வீடு முழுக்க இருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் இன்று ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். செல் மூடியில் ஸ்க்ரூ இல்லாத சாமானைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கழற்றிய செல்லை டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் எடுத்து வையுங்கள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், பழமும் சோறும் கொடுக்காமல், அந்தச் செல்லின் அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.